எண் மாறாமல் நிறுவனம் மாறும் உரிமை: வாசல் திறந்தது, போக்கிடம் குறைந்தது

புது தில்லி: 2024 ஜூலை முதல் வாரத்தில் நாட்டின் மூன்று தனியார் செல்பேசி நிறுவனங்களும் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தின. ஜியோவும் ஏர்டெல்லும் ஜூலை 3-ஆம் தேதி. வோடஃபோன் ஐடியா ஜூலை 4-ஆம் தேதி. உயர்வு ஏறத்தாழ 11 முதல் 25 சதவீதம் வரை இருந்தது. அந்த ஒரு மாதத்தில் மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 38 லட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்களை இழந்தன. பொதுத்துறை நிறுவனமான பி.எஸ்.என்.எல்.லுக்கு 29 லட்சம் பேர் புதிதாக வந்து சேர்ந்தனர். கட்டணத்தை உயர்த்தினால் வாடிக்கையாளர் வெளியேறுவார் என்ற எச்சரிக்கை நடைமுறையில் மெய்யானதாகவே தோன்றியது.

ஆனால், ஆண்டு முடிவதற்குள் அந்த அலை ஓய்ந்துவிட்டது. பி.எஸ்.என்.எல்.லின் 4ஜி சேவை அப்போது நாடு முழுவதும் பரவியிருக்கவில்லை. உயர்த்தப்பட்ட கட்டணம் குறைக்கப்படவும் இல்லை.

பிடிக்காத நிறுவனத்தை விட்டு, எண்ணை மாற்றிக்கொள்ளாமலேயே வேறு நிறுவனத்துக்குச் செல்லும் உரிமை இந்திய வாடிக்கையாளருக்குக் கிடைத்து பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இதுவரை பதிவான மாற்றக் கோரிக்கைகள் 100 கோடியைத் தாண்டிவிட்டன. அப்படியிருந்தும், அந்த உரிமையால் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த முடிகிறதா என்ற கேள்வியை 2024-ஆம் ஆண்டு அனுபவம் மீண்டும் எழுப்பியிருக்கிறது.

ஐந்தாண்டுத் தாமதம்

இந்த உரிமை எளிதில் கிடைத்துவிடவில்லை. சிங்கப்பூரில் 1997-லும் பிரிட்டனில் 1999-லும் எண் மாறாத சேவை அறிமுகமானது. அண்டை நாடான பாகிஸ்தான்கூட 2007 மார்ச்சில் அதை நடைமுறைப்படுத்திவிட்டது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனது பரிந்துரையை 2006 மார்ச்சிலேயே அளித்துவிட்டது. 2007 ஏப்ரல் முதல் தேதிக்குள் சேவை தொடங்க வேண்டும் என்பது அந்தப் பரிந்துரை.

பெரிய நிறுவனங்கள் செலவைக் காரணம் காட்டித் தயங்கின. தொலைத்தொடர்புத் துறை கொள்கையளவில் இசைவு தெரிவிக்க 2007 இறுதி வரை ஆனது. வழிகாட்டு நெறிமுறைகள் 2008 ஆகஸ்டில் வந்தன. எண் மாற்றத்தை நிர்வகிக்கும் இரு நிறுவனங்களுக்கு, வடக்கு-மேற்கு, தெற்கு-கிழக்கு என நாட்டை இரு மண்டலங்களாகப் பிரித்து, 2009 மார்ச்சில் உரிமம் வழங்கப்பட்டது. முதற்கட்டக் கெடு 2009 டிசம்பர் 31. அது 2010 மார்ச் 31 ஆயிற்று. பிறகு ஜூன் 30. அதன் பிறகு அக்டோபர் 31. நிறுவனங்களின் வலைப்பின்னல்கள் இன்னும் தயாராகவில்லை என்பதே முக்கியமாகச் சொல்லப்பட்ட காரணம்.

கெடுக்கள் தள்ளிப்போன காலத்தில் அத்துறையின் அமைச்சராக இருந்தவர் தமிழகத்தைச் சேர்ந்த ஆ. ராசா. 2ஜி அலைக்கற்றை விவகாரத்தில் அவர் 2010 நவம்பர் 14-ஆம் தேதி பதவி விலகினார். அவ்வழக்கில் 2017 டிசம்பரில் தில்லி சிறப்பு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அவர் பதவி விலகிய 11-ஆம் நாள், நவம்பர் 25-ஆம் தேதி, ஹரியாணாவில் எண் மாறாத சேவை முதலில் தொடங்கியது. 2011 ஜனவரி 20-ஆம் தேதி பிரதமர் மன்மோகன் சிங் அதை நாடு முழுவதற்கும் தொடங்கிவைத்தார். அப்போது தொலைத்தொடர்பு அமைச்சர் கபில் சிபல்.

தாமதத்தின் விலை என்ன? டிராய் பரிந்துரை அளித்தபோது நாட்டில் செல்பேசி இணைப்புகள் ஏறத்தாழ 10 கோடி. சேவை தொடங்கியபோது அந்த எண்ணிக்கை 75 கோடியைத் தாண்டிவிட்டது. இந்தியச் செல்பேசிச் சந்தையின் மிகப் பெரிய வளர்ச்சி, வாடிக்கையாளர் எண்ணோடு வெளியேற முடியாத காலத்தில்தான் நிகழ்ந்தது. கடைப் பலகையிலும் முகவரி அட்டையிலும் அச்சான எண்ணை இழக்கத் துணியாதவர், சேவை மோசமானாலும் அதே நிறுவனத்தில் நீடித்தார்.

தொடக்கத்தில் கிடைத்ததும் முழுமையான உரிமையல்ல. ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் மட்டுமே மாற முடிந்தது. சென்னையிலிருந்து தில்லிக்கு வேலைக்கு வந்தவர் தமது எண்ணை விட்டுவிட வேண்டும். அல்லது ரோமிங் கட்டணம் செலுத்த வேண்டும். இந்தத் தடை நீங்கியது 2015 ஜூலை 3-ஆம் தேதிதான்.

சாவி யார் கையில்?

முறை எளிமையானது. வாடிக்கையாளர் 'போர்ட்' என்ற சொல்லுடன் தமது எண்ணைச் சேர்த்து 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். பதிலாக வரும் யு.பி.சி. எனப்படும் எட்டு எழுத்துக் குறியீட்டைப் புதிய நிறுவனத்திடம் அடையாளச் சான்றுடன் கொடுக்க வேண்டும். புதிய சிம் அட்டை சில நாள்களில் செயல்படத் தொடங்கும்.

இந்த எளிய முறையில் ஒரு முரண்பாடு பல ஆண்டுகள் நீடித்தது. வெளியேறுவதற்கான குறியீட்டை வழங்கும் பொறுப்பு, வாடிக்கையாளரை இழக்கப்போகும் நிறுவனத்திடமே இருந்தது. கோரிக்கையை நிராகரிக்கும் அதிகாரமும் அதனிடமே இருந்தது. நிலுவைத் தொகை, 90 நாள் நிறைவடையாமை, குறியீட்டில் பிழை எனக் காரணங்கள் பல. அவற்றில் நியாயமானவையும் உண்டு; வேண்டுமென்றே சொல்லப்படுபவையும் உண்டு. வாடிக்கையாளரால் இரண்டையும் பிரித்தறிய இயலாது.

இந்த முரண்பாட்டின் மோசமான விளைவைத் தமிழகம் நேரில் கண்டது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் நிறுவனத்தின் கோபுரங்கள் பெருமளவில் செயலிழந்தன. சென்னையிலிருந்து வளர்ந்த அந்த நிறுவனத்துக்குத் தமிழகமே தலையாய சந்தை. வேறு நிறுவனத்துக்குப் போக விரும்பியவர்கள் 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும்; அனுப்பச் சிக்னல் இல்லை. சேவை மையங்களின் முன் கூட்டம் திரண்டது. வங்கியிலிருந்து ஒருமுறைக் கடவு எண் வராமல் பலர் தவித்தனர். ஏர்செல் திவால் நடவடிக்கைக்கு விண்ணப்பித்த பிறகு, ஏப்ரல் 15-ஆம் தேதி வரை வெளியேற டிராய் வழிசெய்தது. எண் என்பது பேசுவதற்கு மட்டுமானதல்ல, வங்கிக் கணக்கு, ஆதார், சமையல் எரிவாயு மானியம் ஆகியவற்றுக்கான திறவுகோல் என்பதை அந்த நாள்கள் உணர்த்தின.

2019 டிசம்பர் 16-ஆம் தேதி புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. குறியீட்டை உருவாக்கும் பொறுப்பு பழைய நிறுவனத்திடமிருந்து எண் மாற்றத்தை நிர்வகிக்கும் நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது. தகுதி இருந்தால்தான் குறியீடு கிடைக்கும் என்பதால் பின்னர் நிராகரிக்கும் வாய்ப்பு குறைந்தது. வட்டத்துக்குள் 3 வேலைநாள், வட்டம் விட்டு வட்டம் 5 வேலைநாள் எனக் கால வரம்பும் சுருங்கியது. 19 ரூபாயாக இருந்த மாற்றக் கட்டணத்தை 4 ரூபாயாக்கிய 2018-ஆம் ஆண்டு உத்தரவைத் தில்லி உயர் நீதிமன்றம் 2019 மார்ச்சில் ரத்து செய்தது. பின்னர் அந்தக் கட்டணம் 6 ரூபாய் 46 காசாக நிர்ணயிக்கப்பட்டது.

ஒரு பூட்டு திறந்தால் இன்னொன்று போடப்பட்டது. 2021 இறுதியில் கட்டண உயர்வுக்குப் பின், குறைந்த விலைத் திட்டங்கள் சிலவற்றில் குறுஞ்செய்தி வசதியே இல்லாமல் போனது. நிறுவனத்தை விட்டு வெளியேற விரும்பும் ஏழை வாடிக்கையாளர், வெளியேறும் செய்தியை அனுப்புவதற்காகவே அதே நிறுவனத்தின் விலை கூடிய திட்டத்தை வாங்க வேண்டும் என்ற நிலை. எந்தத் திட்டத்தில் இருந்தாலும் 1900-க்குச் செய்தி அனுப்ப அனுமதிக்க வேண்டும் என்று 2021 டிசம்பர் 7-ஆம் தேதி டிராய் உத்தரவிட்ட பிறகே அது நீங்கியது. அதற்கு முன், செப்டம்பரில், டிராயிடம் தெரிவிக்கப்படாத தனிச் சலுகைகளை எண் மாற்றத்தின் பேரில் வழங்கக் கூடாது என்றும் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. பத்தாண்டுகள் விசுவாசமாக இருப்பவர் முழுக் கட்டணம் செலுத்துவதும், போகிறேன் என்பவருக்குச் சலுகை கிடைப்பதும் நியாயமல்ல என்பதே அதன் சாரம்.

எங்கே போவது?

வாசலின் பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்ட அதே காலத்தில், போகக்கூடிய இடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2011-இல் ஒரு வட்டத்தில் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் போட்டியிட்ட நிலை இருந்தது. 2012 பிப்ரவரி 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. சில நிறுவனங்கள் நாட்டைவிட்டே வெளியேறின. 2016 செப்டம்பரில் ஜியோ களமிறங்கியபின் தொடங்கிய விலைப் போரில் எஞ்சியவை தடுமாறின. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் 2017 இறுதியில் குரல் சேவையை நிறுத்தியது. டெலிநாரும் டாடாவும் ஏர்டெல்லுடன் இணைந்தன. வோடஃபோனும் ஐடியாவும் 2018 ஆகஸ்டில் ஒன்றாயின.

இன்று மிஞ்சியிருப்பவை மூன்று தனியார் நிறுவனங்களும் பொதுத்துறையும்தான். ஜியோ, ஏர்டெல் ஆகிய இரண்டின் பங்கு மட்டும் மொத்த இணைப்புகளில் நான்கில் மூன்று பங்கை நெருங்குகிறது. மூன்றாவதான வோடஃபோன் ஐடியா கடனில் தத்தளிக்கிறது. அலைக்கற்றை நிலுவையில் 36,950 கோடி ரூபாயை மத்திய அரசு பங்குகளாக மாற்றிக்கொண்டதால், 2025-இல் அந்நிறுவனத்தில் அரசின் பங்கு 49 சதவீதத்தைத் தொட்டது. நான்காவதான பி.எஸ்.என்.எல். முழுவதும் அரசுடையது. தனியார் நிறுவனங்கள் 2012-இலேயே 4ஜி தொடங்கிவிட்டன, பி.எஸ்.என்.எல்.லின் உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜி சேவையைப் பிரதமர் மோடி நாட்டுக்கு அர்ப்பணித்தது 2025 செப்டம்பரில். வாடிக்கையாளர்கள் அலையாக வந்தபோது அந்நிறுவனம் ஆயத்தமாக இல்லை. ஆயத்தமானபோது அலை ஓய்ந்திருந்தது.

உரிமம் வழங்குவதும், நிலுவைக்குக் கடன்காரராக இருப்பதும், நான்கில் இரு நிறுவனங்களில் உடைமையாளராக இருப்பதும் ஒரே மத்திய அரசு. போட்டியைக் காப்பதில் அரசுக்கு உள்ள அக்கறை, கட்டணம் உயர்ந்தால் நிலுவை வசூலாகும் என்ற கணக்கோடு மோதுகிறது. மூன்று தனியார் நிறுவனங்களும் ஒரே வாரத்தில் கட்டணத்தை உயர்த்தியபோது தில்லியிலிருந்து வலுவான எதிர்ப்புக் குரல் எழாததற்கு, கட்டணத்தைச் சந்தையே தீர்மானிக்கும் என்ற கொள்கை மட்டுமல்ல, இந்தக் கணக்கும் காரணமாக இருக்கக்கூடும்.

மிஞ்சியிருக்கும் பூட்டுகள்

விதிகளில் இல்லாத பூட்டுகளும் உள்ளன. முன்கட்டண வாடிக்கையாளர் நிறுவனம் மாறினால் மீதித் தொகையும் மீதிக் காலமும் திரும்பக் கிடைப்பதில்லை. 28 நாள் திட்டத்தில் இந்த இழப்பு சிறிது. ஓராண்டுக்குச் சேர்த்துப் பணம் கட்டியவருக்கு அதுவே பெரிய அபராதம். நீண்டகாலத் திட்டங்களை மலிவாக்குவதன் மூலம், ஒப்பந்தம் எதுவும் எழுதாமலேயே வாடிக்கையாளரைக் கட்டிப்போட முடிகிறது. பின்கட்டண வாடிக்கையாளர் பழைய பாக்கியைச் செலுத்தாமல் போனால், புதிய நிறுவனத்தில் உள்ள இணைப்பையே துண்டிக்க விதி இடம் தருகிறது. நிறுவனத்தின் பாக்கிக்குள்ள இந்தப் பாதுகாப்பு, வாடிக்கையாளரின் மீதித் தொகைக்கு இல்லை.

மோசடியைத் தடுக்க வந்த விதியும் கவனிக்கத்தக்கது. சிம் அட்டையை மாற்றி வாங்கிய 7 நாள்களுக்குள் குறியீடு வழங்கப்படாது என்பது 2024 ஜூலை முதல் நடைமுறை. பிறர் எண்ணைக் கைப்பற்றி வங்கிக் கணக்கைச் சூறையாடும் கும்பல்கள் பெருகியுள்ள நிலையில் இது தேவையான எச்சரிக்கையே. பாதுகாப்பின் பெயரால் காத்திருப்புக் காலம் மேலும் நீளாமல் பார்த்துக்கொள்வதும் அதே அளவு தேவை.

டிராய் செய்யக்கூடியவை உள்ளன. செலவழியாத காலத்துக்கான தொகையை வெளியேறுபவருக்குத் திருப்பித் தர வகைசெய்யலாம். குரல், குறுஞ்செய்திக்கு மட்டுமான திட்டங்களை வழங்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் விதித்ததைப் போல, ஏழை வாடிக்கையாளருக்கான தேர்வுகளை விரிவுபடுத்தலாம். ஆனால், டிராயால் வாசலைத்தான் திறந்துவைக்க முடியும். வாசலுக்கு அப்பால் செல்லத்தக்க இடம் இருக்க வேண்டுமானால், வோடஃபோன் ஐடியா நிலைத்து நிற்பதும் பி.எஸ்.என்.எல். தரமான சேவை தருவதும் இன்றியமையாதவை. அந்த இரண்டும் டிராயின் கையில் இல்லை. மத்திய அரசின் கையில்தான் உள்ளன. அடுத்த கட்டண உயர்வின்போது 1900-க்குச் செய்தி அனுப்பும் வாடிக்கையாளருக்குப் போக்கிடம் உண்டா என்பதை அந்த முடிவுகளே தீர்மானிக்கும்.