அந்தச் சின்னப் பினியன் எங்கே கிடைக்கும்?

நாற்பது வருடப் பழைய ரேடியோ கன்ட்ரோல் காருக்கு டயர் கிடைக்கிறது. பாலிகார்பனேட் பாடி கிடைக்கிறது. ஸ்டிக்கர் அசலைவிடப் பளிச்சென்று அச்சாகிக் கிடைக்கிறது. உள்ளே உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர் பொம்மையின் தலையைக்கூடத் தனியாக வாங்கலாம். டிஃபரன்ஷியலுக்குள் சுண்டுவிரல் நக அளவில் இருக்கும் பினியன் என்ற பல்சக்கரம் ஒன்றைத்தான் எங்கே தேடியும் வாங்க முடியவில்லை. அது இல்லையென்றால் மற்ற எல்லாம் இருந்தும் வண்டி அலமாரியை விட்டு இறங்காது.

என்னிடம் இருப்பது 1980களின் நடுவில் ஜப்பானில் செய்த, பத்தில் ஒரு பங்கு அளவுள்ள பக்கி. நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. செய்த நிறுவனம் கார் செய்வதை எப்போதோ விட்டுவிட்டது. பின்பக்க கியர்பாக்ஸில் கடகடவென்று சத்தம் கேட்கத் திறந்து பார்த்தால், ஒரு பினியனில் வரிசையாகப் பற்கள் போயிருந்தன. உடைந்த துணுக்குகள் இறுகிப்போன கிரீஸில் ஒட்டிக் கிடந்தன.

வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் உருள வேண்டும். அந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுப்பதுதான் டிஃபரன்ஷியல். லாரிப் பட்டறைகளில் ஸ்டார் பினியன், சைடு கியர் என்பார்களே, அதே அமைப்பு இந்தக் குட்டி வண்டியிலும் இருக்கிறது. அந்தக் காலத்து 540 மோட்டாரையும் 7.2 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரியையும் மனதில் வைத்துச் செய்த பற்கள் அவை. இன்று பிரஷ்லெஸ் மோட்டாரும் லித்தியம் பாலிமர் பேட்டரியும் மாட்டி, நின்ற இடத்திலிருந்து முழு வேகம் கேட்டால் அவை என்ன செய்யும்? பழைய மோட்டாரோடு பதமாக ஓட்டினாலும், உள்ளே புகுந்த மணல் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துவிடுகிறது.

பால் டிஃபரன்ஷியல் உள்ள வண்டிக்காரர்கள் பாடு கொஞ்சம் தேவலை. இங்கிலாந்தின் செசில் ஷூமாக்கர் இந்தக் கார்களுக்காகவே உருவாக்கிய அமைப்பு அது. பல்லுக்குப் பதில், இரண்டு எஃகு வளையங்களுக்கு நடுவே சின்ன எஃகு குண்டுகள். 3/32 அங்குலக் குண்டு என்று கேட்டால் பேரிங் விற்கிறவர் எடுத்துக் கொடுத்துவிடுவார். வளையத்தில் பள்ளம் விழுந்தால் புரட்டிப் போட்டோ, மெல்லிய எமரி தாளில் தேய்த்தோ இன்னும் சில காலம் ஓட்டலாம். பொது அளவில் செய்த எதுவும் அழிவதில்லை. அந்த ஒரு வண்டிக்கென்று செய்ததுதான் அழிகிறது.

மறுவெளியீடு வருகிறதே என்பார்கள். வருகிறது, அதில் எனக்கு மனமார்ந்த சந்தோஷம். தமியா 1984-ன் ஹார்னெட்டை 2004-லும், 1979-ன் சாண்ட் ஸ்கார்ச்சரை 2010-லும் மறுபடி கொண்டுவந்தது. கியோஷோ 1982-ன் ஸ்கார்பியனை 2014-லும், 1985-ன் ஆப்டிமாவை 2016-லும் கொண்டுவந்தது. அந்த வண்டிகளுக்குப் பழைய அச்சிலிருந்தோ புது அச்சிலிருந்தோ பாகம் பிறக்கிறது. ஆனால் 1980களில் போட்டி போட்டுக் கார் செய்த மற்ற பெயர்கள்? மாருயியை இன்றைய பிள்ளைகள் ஏர்சாஃப்ட் துப்பாக்கி செய்கிறவர்களாகத்தான் அறிவார்கள். ஹிரோபோ என்றால் ரேடியோ ஹெலிகாப்டர் ஞாபகம் வருகிறது. இவர்களும் கார் செய்தார்கள், நல்ல கார்கள். அவற்றை வைத்திருப்பவர்களுக்கு மறுவெளியீட்டு அறிவிப்பு எதுவும் வரப்போவதில்லை.

அப்புறம், விற்கிறவர்கள். பழைய சரக்கு விற்கும் ஒருவர் ‘அந்தக் காலத்து எல்லா 4WD-க்கும் பொருந்தும்’ என்று எழுதியிருந்ததை நம்பிப் பணம் அனுப்பினேன். வந்த கியரும் என் கியரும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி போலத்தான் தெரிந்தன. கோத்தால் கடித்துக்கொண்டு நின்றன. ஜப்பான்காரர்கள் பல்லை மாட்யூலில் அளக்கிறார்கள், அமெரிக்கர்கள் பிட்ச்சில். 32 பிட்ச் என்பது ஏறக்குறைய 0.8 மாட்யூல், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. 48 பிட்ச் 0.53 மாட்யூல் அளவில் வரும், 0.6 என்று நினைத்து வாங்கினால் வீண். இதை எழுத ஒரு வரி போதும். விற்கிறவர்களில் எத்தனை பேர் எழுதுகிறார்கள்? பல்லை எண்ணிக்கூடப் போடுவதில்லை. மங்கலான ஒரு படம், பக்கத்தில் ஒரு நாணயம், அவ்வளவுதான்.

என்னை உண்மையில் வாட்டுவது பிரிக்காத பாக்கெட்டுகள். அந்தப் பினியன் உலகத்தில் இல்லாமல் போய்விடவில்லை. அன்றைய அட்டையோடு, அன்றைய பிளாஸ்டிக் மூடியோடு, யார் யாரோ வீட்டில் சுவரில் தொங்குகிறது. ஓடாத காருக்கு உயிர் கொடுக்கச் செய்த பாகத்தை, அட்டை கசங்காமல் இருப்பதற்காகப் பூட்டி வைக்கிறார்கள். எப்போதாவது ஒன்று விலைக்கு வந்தால், பாதி கார் வாங்கும் காசு கேட்கிறார்கள். அதையும் இன்னொரு சுவரில் மாட்டப்போகிறவர்தான் வாங்குகிறார்.

சரி, முழு வண்டியாக ஒன்று வாங்கிப் பாகம் கழற்றிக்கொள் என்று யோசனை சொல்கிறார்கள். இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. மிஞ்சியிருக்கும் நாலு வண்டியில் ஒன்றைக் கூறுபோட்டு இன்னொன்றை ஓட்டுவதா? அதன் பினியனும் இதே வயதுதான், இதே மணலைத் தின்றதுதான்.

3D பிரிண்டரில் அச்சடித்துக்கொள்ளலாமே என்பது அடுத்த யோசனை. நேர்ப் பல் உள்ள ஸ்பர் கியரை நைலானில் அச்சடித்து நன்றாகவே ஓட்டுகிறார்கள். செய்து தருகிறவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். என் பினியன் பெவல் கியர், அது வேறு கதை. பல் கூம்பின் சரிவில் ஓடுகிறது. ஒரு முனையில் தடித்து மறுமுனையில் மெலிகிறது. சுமையோ அத்தனை சின்ன இடத்தில். ரெசினில் அச்சடித்தால் முதல் குதிப்பிலேயே நொறுங்கும். உலோகத்தில் செய்யலாம், ஆனால் அதற்குச் சரியான அளவு வேண்டும்: பல் எண்ணிக்கை, மாட்யூல், கூம்பின் கோணம், பல்லின் அழுத்தக் கோணம், துளையின் விட்டம். என் கையில் இருப்பதோ தேய்ந்த பினியன். தேய்ந்த பல்லை அளந்தால் தேய்ந்த அளவுதான் கிடைக்கும்.

அந்த அளவுகள் எல்லாம் அன்றைக்கு ஒரு வரைபடத்தில் இருந்தவை. வரையாமல் அச்சு வெட்டியிருக்க முடியாது. இனி ஒருபோதும் செய்யப்போவதில்லை என்று தீர்மானித்துவிட்ட பாகத்தின் வரைபடத்தை மூடி வைப்பதால் எந்த நிறுவனத்துக்கு என்ன லாபம்? காரைத் திரும்பச் செய்யச் சொல்லவில்லை, பாகத்தைக்கூடச் செய்து தரச் சொல்லவில்லை. அந்த ஒரு தாளை வெளியிடுங்கள். காசு போட்டு வெட்டிக்கொள்ள நாங்கள் இருக்கிறோம்.

சுவரில் பாக்கெட்டைத் தொங்கவிட்டிருப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். விற்க வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம். மூடி கண்ணாடி போலத்தான் இருக்கிறது. வெளியிலிருந்தே பற்களை எண்ணி, ஓரத்தில் ஒரு ஸ்கேலை வைத்து நேர்மேலிருந்து தெளிவாக ஒரு படம், பக்கவாட்டிலிருந்து இன்னொரு படம் எடுத்துப் போடுங்கள்.