பெயர் சொல்லும் வழங்கிகளும் ஒற்றை வழியும்

கிண்ணியாப் பாலம் 2009ஆம் ஆண்டு திறக்கப்படும்வரை, திருகோணமலைக்குச் செல்ல நாங்கள் துறையடியில் ‘பாதை’க்காகக் காத்து நின்றோம். பாதை பழுதுபட்ட நாட்களில் நோயாளியும் பரீட்சைக்குப் புறப்பட்ட மாணவனும் கரையிலேயே தவித்தனர். ஒரே வழியை நம்பி வாழ்வதென்றால் என்னவென்று எங்களூரவருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இணையத்திலும் அத்தகைய துறையடி ஒன்றுண்டு. ஓர் இணைய முகவரியை நாம் தட்டச்சிட்டதும், அப்பெயருக்குரிய எண்ணைத் தேடித் தருபவை ஆள்களப் பெயர் வழங்கிகள். அவற்றை இயக்கும் மென்பொருள்களுள் எது முன்னிற்கிறது என்ற கணக்குகள் அவ்வப்போது வெளியாகின்றன. மூத்தது ‘பைண்ட்’, 1980களில் அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழக மாணவர் எழுதியது. பவர் டிஎன்எஸ், நெதர்லாந்தின் என்எஸ்டி, செக் நாட்டின் நொட், மைக்ரோசொப்டின் மென்பொருள் ஆகியன பின்வந்த போட்டியாளர்கள்.

இக்கணக்குகளை நான் ஐயத்துடனேயே வாசிக்கிறேன். பத்திரிகை விற்பனைக் கணக்குகளுடன் காலங்கழித்தவன் அல்லவா! அச்சிட்ட பிரதிகளை எண்ணினால் ஒரு பத்திரிகை முதலிடம்; தேநீர்க்கடையில் ஒரே பிரதியை இருபதுபேர் வாசிப்பதையும் சேர்த்தால் மற்றொன்று முதலிடம். இங்கும் அப்படியே. ஒரு நிறுவனம் சில வழங்கிகளிலேயே பல இலட்சம் பெயர்களை வைத்திருக்கக்கூடும். ஆகவே இயந்திரங்களை எண்ணுவதா, பெயர்களை எண்ணுவதா என்பதைப் பொறுத்து வெற்றியாளர் மாறுவார். மேலும், “நீ எந்த மென்பொருள்?” என்று வழங்கியிடமே கேட்டுத்தான் பெரும்பாலும் கணக்கெடுக்கின்றனர். பாதுகாப்புக் கருதிப் பல வழங்கிகள் வாய் திறப்பதில்லை.

யார் வெல்கிறார் என்பதைவிட, ஒருவரே முழுவதையும் வென்றுவிடாதிருப்பதே முக்கியம் என்பது என் கருத்து. 2008இல் டான் கமின்ஸ்கி என்ற ஆய்வாளர் ஒரு குறையை வெளிப்படுத்தினார். கேள்வியொன்றுக்கு இடப்படும் அடையாள எண் 65,536 வகைகளுள் ஒன்றே என்பதால், அதை ஊகித்துப் பொய்யான விடையை நுழைத்துவிடலாம் என்பதே அது. பைண்ட், மைக்ரோசொப்ட் உள்ளிட்ட பெரியோர் யாவரும் ஒரே நாளில் திருத்தம் வெளியிட நேர்ந்தது. டானியல் பேர்ன்ஸ்டைன் எழுதிய, சிறுபான்மையோர் பயன்படுத்திய டிஜேபி டிஎன்எஸ்ஸோ கேள்வி புறப்படும் வாயிலையும் மாற்றிக்கொண்டே இருக்கும் தற்காப்பை ஏற்கெனவே கொண்டிருந்தது. சிறுபான்மையின் வழி பெரும்பான்மைக்குப் பாடமாயிற்று.

பலர் பயன்படுத்தும் மென்பொருளைப் பல கண்கள் பார்க்கின்றன, தேர்ந்த ஆட்களும் எளிதிற் கிடைக்கின்றனர் என்பர் சிலர். உண்மையே. ஆயினும் எல்லா இடத்திலும் ஒரே மென்பொருள் இருந்தால் அதன் ஒரு குறை எல்லா இடத்தையும் ஒருசேரத் தாக்கும். இதனாலேயே இணையத்தின் 13 மூலப் பெயர் வழங்கிகளுள் ‘கே’ என்பது 2003இல் என்எஸ்டிக்கு மாறியது.

மென்பொருள் பலவானால் மட்டும் போதுமா? 2016 ஒக்டோபரில் ‘டைன்’ என்ற ஒரே நிறுவனம் தாக்கப்பட்டபோது டுவிட்டர் முதலிய பெருந்தளங்கள் பலருக்கு எட்டாமற் போயின. நமது நாட்டிலும் 2021 பெப்ரவரியில் டொட் எல்கே முகவரிகள் சிலவற்றை நாடியோர் வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டனர். பேராசிரியர் கிஹான் டயஸ் 1990இல் தொடக்கிவைத்த பதிவகம் அது. தமிழில் ‘.இலங்கை’ என்ற முடிவை 2010இல் நாம் பெற்றதும் அதன்வழியேதான்.

என் சொந்த அனுபவமும் ஒன்றுண்டு. நான் எழுதிவந்த ஓர் இதழின் தளம் ஒருமுறை நாள் முழுவதும் மறைந்துபோனது. பெயர் வழங்கிகள் இரண்டு என்று பதிவேட்டில் இருந்தன. இரண்டும் ஒரே அறையில் ஒரே இயந்திரத்தில் இயங்கின என்பது அன்றுதான் தெரிந்தது. மின்சாரம் நின்றது, இரண்டும் நின்றன.

ஆகவே, பள்ளிவாசலுக்கோ பாடசாலைக்கோ சங்கத்துக்கோ இணையத்தளம் அமைப்போர், எது முன்னணி மென்பொருள் என்று கேட்பதற்கு முன், “எமது இரண்டாவது வழங்கி எங்கே இருக்கிறது?” என்று கேட்க வேண்டும். துறையடியில் காத்து நின்ற எங்களுக்கு அக்கேள்வியின் அருமை தெரியும்.