லெசோத்தோ: அருவியும் வாளியும்

மலைநாட்டுப் பயணக்கட்டுரைகளில் நாம் பெரும்பாலும் காட்சியை மட்டுமே எழுதுகிறோம். தென்னாப்பிரிக்கா நாற்புறமும் சூழ்ந்த லெசோத்தோ, முழுவதும் 1,000 மீட்டருக்கு மேலே அமைந்த ஒரே நாடு. செமொன்கோங் விடுதியில் தங்குவோர் மட்டக்குதிரையேறிச் சென்று, 192 மீட்டர் வீழும் மலெட்சுன்யானே அருவியைக் காண்கின்றனர். 'புகையின் இடம்' என்பதே அவ்வூர்ப்பெயரின் பொருள். அருவியின் நீர்ப்புகை தந்த பெயர் அது.

அதே மலைத்தொடரில், வேறோர் ஆற்றில் எழுந்தது காட்சே அணை. 1986ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி அதன் நீர் சுரங்கவழியே தென்னாப்பிரிக்கத் தொழில்நகரங்களுக்குச் செல்கிறது. நாட்டுக்கு உரிமத்தொகை கிடைக்கிறது. மலையூர்ப் பெண்களோ தலையில் வாளி சுமந்து நீருக்கு நடக்கின்றனர். அருவியை வியந்து வாளியைக் காணாத எழுத்து, விடுதியின் விளம்பரத்தாளே, இலக்கியமாகாது.