சைக்கிளை முந்தும்போது எத்தனை அடி விடுறீங்க, தோழரே?

தோழர்களே, இன்னிக்கு யாருக்கும் பதிலடி இல்லை, மீமும் இல்லை. நம்ம கையில் இருக்கும் ஸ்டியரிங் பற்றி ஒரு விஷயம். கடைசி வரை படிங்க.

சாயங்காலம் பள்ளி விடும் நேரத்துக்கு ஏதாவது ஒரு அரசுப் பள்ளி ரோட்டில் போய் நில்லுங்க. பிள்ளைங்க விலையில்லா மிதிவண்டியில் வரிசையா வருவாங்க. 2001-ல் தொடங்கின திட்டம், ஆட்சி மாறினாலும் நிக்கல. அந்த சைக்கிளைப் பற்றி மேடையில் எல்லாரும் பெருமையா பேசுறோம். கூட்டம் முடிஞ்சு திரும்பும்போது அதே பிள்ளையை ஒரு அடி இடைவெளியில் ஹார்ன் அடிச்சு முந்துறதும் சில நேரம் கொடி கட்டின நம்ம வண்டிதான். கசப்பா இருந்தாலும் உண்மை.

நான் பிளஸ் டூ படிக்கும்போது டியூஷன் முடிஞ்சு வர்ற வழியில் ஒரு பஸ் என்னைக் கீழே தள்ளிச்சு. மேல படவே இல்லை! பெரிய வண்டி வேகமா போகும்போது அதன் முகப்பு காற்றை வெளியே தள்ளும், பக்கவாட்டு கடக்கும்போது உள்ளே இழுக்கும். பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டு நடுரோட்டில் கிடந்தப்போ எனக்கு அந்த பிசிக்ஸ் தெரியாது. அந்த டிரைவருக்கு நான் விழுந்ததே தெரிஞ்சிருக்காது. உரசல் இல்லை, அதனால கேஸ் இல்லை, கணக்கிலும் வராது. முட்டியில் தழும்பு மட்டும் இருக்கு.

சரி, எவ்வளவு விடணும்? ஜெர்மனியில் 2020 முதல் சட்டத்திலேயே எண் இருக்கு: ஊருக்குள் 1.5 மீட்டர், வெளியே 2 மீட்டர். பிரான்ஸில் ஊருக்குள் 1, வெளியே 1.5. பிரிட்டனில் 2022-ல் மாற்றின சாலை விதித் தொகுப்பும் குறைஞ்சது 1.5 மீட்டர்னு சொல்லுது, வேகம் கூடினா இன்னும் அதிகம். நம்ம நாட்டில் 2017-ல் வந்த ஓட்டுநர் ஒழுங்குமுறைகளில் முந்துவது பற்றி விதி இருக்கு, சைக்கிளுக்கு இத்தனை மீட்டர்னு எண் இல்லை. எண் இல்லாத விதியை வெச்சு டிராஃபிக் போலீஸ் எதை அளப்பாங்க?

1.5 மீட்டர்னா சுமார் 5 அடி. ஏன் அவ்வளவு? ஐந்தரை அடி ஆள் சைக்கிளோட வலது பக்கம் சாஞ்சு விழுந்தா தலை எங்கே போய் படும்னு யோசிங்க. அவ்வளவுதான் காரணம்.

"நம்ம ரோட்டில் அதுக்கு இடம் எங்கே தம்பி?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி, கணக்கு போடுவோம். வழக்கமான இருவழிச் சாலை 7 மீட்டர், நம்ம பக்கம் 3.5. ஓரத்திலிருந்து சைக்கிள் ஹேண்டில்பாரின் வெளிமுனை வரை சுமார் 0.8. இடைவெளி 1.5. பஸ் அகலம் சுமார் 2.6. மொத்தம் 4.9. அப்போ பஸ் எதிர்ப்பக்கத்தில் 1.4 மீட்டர் ஏறினால்தான் முந்த முடியும். எதிரே லாரி வந்தா? முந்தக் கூடாது, பின்னாடி காத்திருக்கணும். இடம் விடுறதுன்னா பாதி நேரம் இதுதான் அர்த்தம். சைக்கிள் மணிக்கு 15 கிலோமீட்டரில் போகுதுன்னு வைங்க. 100 மீட்டர் பின்னாலேயே போனா 24 விநாடி. நீங்க 50-ல் போயிருந்தா 7 விநாடி. இழப்பு 17 விநாடி. டீக்கடையில் பாக்கி சில்லறை வாங்க இதைவிட அதிகம் நிக்கிறோம்.

இன்னொண்ணு, "அவன் ஏன் ஓரமா போகாம உள்ளே வர்றான்?" ஓரத்தில் மண் குவிஞ்சிருக்கு, தார் உடைஞ்சு பள்ளம், மூடி இல்லாத சாக்கடை, அதுக்கு மேல நிறுத்தி வெச்ச கார். பால்காரர் கேனோட எங்கே போவார்?

இப்போ நம்ம வேலை. ஓட்டுநர் ஒழுங்குமுறை போடும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டம் 118-வது பிரிவின்படி ஒன்றிய அரசுக்கு. அதனால உங்க தொகுதி எம்.பி.யிடம், எந்தக் கட்சியா இருந்தாலும், எண்ணோட கூடிய விதி கேட்டு மனு கொடுங்க. இப்பவே 184-வது பிரிவு, சட்டத்துக்கு மாறா முந்துவதை ஆபத்தான ஓட்டுதல்னு சொல்லுது. முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் போடலாம், சிறைக்கும் இடம் இருக்கு. அந்த "மாறா" எதுன்னு எண் வந்தால்தான் அது சைக்கிள்காரருக்கு உதவும்.

அடுத்த மாநாட்டுக்கு வேன் பேசும் ஒன்றிய, நகரப் பொறுப்பாளர்கள் வாடகை பேசும்போதே டிரைவர் அண்ணன்கிட்ட இதையும் சொல்லிடுங்க: சைக்கிளைக் கண்டா 5 அடி, இடமில்லைன்னா பின்னாடி, ஹார்ன் வேண்டாம். மாநாட்டுக்கு பத்து நிமிஷம் லேட்டா வந்தா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. எப்படியும் தலைவர் பேசுறது ராத்திரி எட்டுக்கு மேலதான் 😄

உங்க ஊரில் பள்ளிப் பிள்ளைங்க பயந்து பயந்து சைக்கிள் ஓட்டும் ரோடு எது? ரோடு பேர், நேரம், முடிஞ்சா போட்டோ, பிள்ளைங்க முகம் தெரியாம கமெண்டில் போடுங்க. மாவட்ட வாரியா தொகுத்து ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு மனுவா கொடுக்கிறோம். ஞாயிறு இரவு வரை சேர்ப்போம்.

#ஒன்றரைமீட்டர்