வெயில் மருந்தல்ல, இருட்டறை தண்டனை

வெளிநாட்டில் வாழும் பிள்ளைகள் சிலர், கண்டியிலிருக்கும் பெற்றோருக்கு ஒளிச்சிகிச்சை விளக்குப் பெட்டி வாங்கியனுப்பலாமா என்று இப்போது விசாரிக்கத் தொடங்கியுள்ளனர். டிமென்ஷியா எனப்படும் மறதிநோய்க்கு அது நல்லதென்று எங்கோ கேள்விப்பட்டிருக்கிறார்கள். பாசத்தில் குறையில்லை. எனினும் பெட்டியின் விலையை விசாரிக்குமுன் வேறொன்றை விசாரிக்கவேண்டும்: அந்த முதியவர் கடைசியாக வீட்டு முற்றத்துக்கு வந்தது எப்போது?

அறிவியல் கூறுவதை முதலில் பார்ப்போம். உறக்கத்தையும் விழிப்பையும் ஒழுங்குசெய்யும் கடிகாரம் மூளையினுள் இருக்கிறது. கண்ணில் விழும் ஒளியைக் கொண்டு அது நாள்தோறும் தன்னைத் திருத்திக்கொள்கிறது. முதுமையில் கண்வில்லை மஞ்சளிக்கிறது, கண்புரை படர்கிறது. மறதிநோயில் அந்தக் கடிகாரமே தேய்கிறது. பகலெல்லாம் தூக்கம், அந்திவேளையில் கலக்கம், நள்ளிரவில் நடமாட்டம் என்று நாம் காண்பது இதன் விளைவே.

நெதர்லாந்தில் 12 பராமரிப்பு இல்லங்களில் 189 முதியோரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2008 இல் வெளியானது. பகல் முழுவதும் சுமார் 1,000 லக்ஸ் ஒளியில் இருந்தோருக்கு, மங்கிய ஒளியில் இருந்தோரைவிட மனச்சோர்வு அறிகுறிகள் 19 சதவீதம் குறைவாயின; அறிவாற்றலின் சரிவும் சற்றே மெதுவாயிற்று. ஆனால் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய கொக்ரேன் மதிப்பாய்வு, ஒளிச்சிகிச்சையைப் பரிந்துரைக்கப் போதிய சான்றில்லை என்று 2014 இல் கூறியது. ஆகவே, விளக்கு விற்பவர் நோய் குணமாகுமென்று சொன்னால் நம்பவேண்டாம்.

அப்படியானால் வெயிலில் உட்காரவைத்து என்ன பயன் என்று கேட்போரும் உளர். சான்று போதாமை, இயந்திரம் வாங்காதிருக்கக் காரணமாகலாம். கதவைப் பூட்டிவைக்கக் காரணமாகுமா? ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015 இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள், வெளிவேலையில் ஈடுபடாத கைதிக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரமேனும் திறந்தவெளியில் உடற்பயிற்சி வேண்டுமென்கின்றன. எந்த ஆய்வின் முடிவுக்காகவும் அந்த விதி காத்திருக்கவில்லை. குற்றவாளிக்கு உரிய அந்த ஒரு மணி நேரம், குற்றமே செய்யாத நம் தாய்தந்தையருக்கு இல்லை. போகம்பரைச் சிறைச்சாலை 2014 தொடக்கத்தில் மூடப்பட்டது. வீடுகளுக்குள் இருக்கும் சிறைகள் மூடப்படவில்லை.

நெதர்லாந்தின் மாரிகாலத்துக்கு விளக்கு தேவைப்படலாம். கண்டியோ நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகை வடக்கே உள்ளது. ஆண்டின் மிகக் குறுகிய பகல்கூட இங்கு 11 மணி 30 நிமிடத்துக்குக் குறைவதில்லை. முகில் மூடிய நாளிலும் வெளியே பல்லாயிரம் லக்ஸ் ஒளி உண்டு. சாதாரண அறைக்குள் சில நூறு இருந்தாலே அதிகம். ஆனால் நாம் வீடு கட்டும் விதத்தைப் பாருங்கள். மலைச்சரிவை வெட்டி எழுப்பிய வீட்டின் பின்னறை மண்மேட்டைப் பார்த்தபடி இருக்கும். அந்த அறைதான் பாட்டிக்கு. 'அறளை பெயர்ந்துவிட்டது' என்று வருகிறவர்கள் அறியக்கூடாதல்லவா? இரவில் அவர் எழுந்து நடந்தால் மாத்திரை. மறதிநோயுள்ள முதியோருக்கு மனநோய் மருந்துகளைக் கொடுப்பது மரண அபாயத்தைக் கூட்டுமென்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005 இலேயே எச்சரித்தது. பகலை மறுத்துவிட்டு இரவுக்கு மருந்து தேடுவது எவ்வகை நியாயம்?

தோட்டங்களில் நிலைமை இன்னும் கொடியது. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயங்களில் பின்சுவருக்கு யன்னலே இல்லை. மகனும் மருமகளும் காலையில் மலைக்குப் போனால், பாதையும் பள்ளமும் அறியாத பெரியவரை உள்ளே வைத்துப் பூட்டாமல் என்ன செய்வர்? பிள்ளைகள் பெற்றோரைப் புறக்கணிக்கலாகாது என்கிறது முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம். நல்லது. ஒருநாள் பேரை இழந்தால் அடுப்பெரியாத குடும்பத்துக்கு அந்தச் சட்டம் தரும் துணை என்ன?

அதே தோட்டங்களில் பிள்ளை மடுவங்கள் இருக்கின்றன. தாயின் கை கொழுந்துக்கு வேண்டியிருந்தது. ஆகவே குழந்தையைப் பார்க்க ஆளும் இடமும் கிடைத்தன. ஐம்பது வருடம் கொழுந்தெடுத்த கை ஓய்ந்துபோனபின் அதனால் எவருக்கும் ஆதாயமில்லை. ஆகவே அதற்கு மடுவமும் இல்லை. இந்தக் கணக்கைத்தான் நாம் வெட்கமின்றி ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

மாகாண சபைக்கும், மாநகர சபைக்கும், தோட்டக் கம்பனிகளுக்கும் கேட்பது ஒன்றே. கொழும்பில் லங்கா அல்சைமர் மன்றம் மறதிநோயாளருக்குப் பகல்நேரச் செயற்பாடுகளை நடத்திக் காட்டியிருக்கிறது. பிள்ளை மடுவத்துக்குப் பக்கத்தில் வேலியடைத்த ஒரு முற்றம், நிழலுக்கு ஒரு தாழ்வாரம், நாலு வாங்கு, பயிற்சி பெற்ற ஒருவருக்குச் சம்பளம்: இவ்வளவும் தோட்டத்துக்கு ஆகாத செலவா? முதியோர் இல்லங்களைப் பதிவுசெய்யும்போது கட்டில்களை எண்ணுவதோடு, ஒவ்வொருவரும் நாளுக்கு எத்தனை மணி நேரம் வெளியே இருக்கிறார் என்றும் எழுதச் சொல்லுங்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். அந்தப் பெட்டிக்கான பணத்தை, காலையில் அப்பாவின் கையைப் பிடித்து வாவிக்கரைவரை நடத்திச்செல்லும் ஒருவருக்குக் கொடுங்கள். அவருக்கு நினைவு திரும்பாது. அன்றைய பகல் திரும்பும்.