கைப்பிடிக்கு மட்டும் காசில்லை

எழுபது வயதுக்காரர் புழங்கும் குளியலறையைப் புதுப்பிக்கப் பிள்ளைகள் போடும் பட்ஜெட்டைப் பாருங்கள். பளபள டைல்ஸ், கண்ணாடித் தடுப்பு, கூரையிலிருந்து கொட்டும் ஷவர் (மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் அது சொட்டும், அவ்வளவுதான்). சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு ஸ்டீல் கைப்பிடி கேட்டால், "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்ப்பா!" ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற சமாசாரம் அது. பழைய தரையைப் பெயர்த்து வாட்டர்ப்ரூஃபிங் செய்து, ஒரு நாள் தண்ணீர் கட்டிப் பார்க்கவும் மனசு வராது. டைல்ஸ் மேலேயே டைல்ஸ். கசிவு கீழ்வீட்டுக்காரர் தலையில். கதவோ உள்பக்கம் திறக்கும். வழுக்கி விழுந்தவர் உடம்பே கதவை அடைத்துக்கொண்டால் எப்படி ஐயா திறப்பீர்கள்? சொரசொரப்பான தரைக்கும், கைப்பிடிக்கும், வெளிப்பக்கம் திறக்கும் கதவுக்கும் முதலில் பணத்தை எடுத்து வையுங்கள். மிச்சமிருந்தால் ஷவர் வாங்கலாம்.