காசநோய் இல்லையென்றால், வேறென்ன?

விடாத இருமல், மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, மார்பு எக்ஸ்-ரேயில் ஒரு நிழல். இவை ஒருவரிடம் சேர்ந்து தென்பட்டால் நம் மருத்துவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது காசநோய்தான். அது தவறும் அன்று. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். 2025-க்குள் காசநோயை ஒழிப்பது என்று 2018-இல் அறிவிக்கப்பட்ட இலக்கு எட்டப்படாத நிலையில், நோயாளிகளைத் தேடிக் கண்டறியும் பணி தொடரத்தான் வேண்டும். ஆனால், சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று முடிவு வந்த பிறகு, அது வேறென்ன நோய் என்று யார் தேடுகிறார்கள் என்பதே என் கேள்வி.

அப்படித் தேடப்படாமல் போகும் நோய்களில் ஒன்று நோகார்டியோசிஸ். இதற்குக் காரணமான பாக்டீரியா, 1888-இல் அதை மாடுகளிடம் கண்டறிந்த பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் எட்மண்ட் நோகார்டின் பெயரைத் தாங்கியது. மண்ணிலும் மக்கிய இலைதழைகளிலும் வாழும் இக்கிருமி, தூசியோடு நுரையீரலுக்குள் நுழைகிறது. உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், நீண்ட காலம் ஸ்டீராய்டு உட்கொள்பவர்கள், எச்.ஐ.வி. தொற்றாளர்கள், புற்றுநோயாளிகள் ஆகியோரையே இது பெரிதும் தாக்குகிறது. நுரையீரலிலிருந்து மூளைக்குப் பரவிச் சீழ்க்கட்டியை உண்டாக்கினால் உயிருக்கே ஆபத்து.

இந்நோய் தமிழகத்துக்கு முற்றிலும் அந்நியமானதும் அன்று. முள் குத்திய காலில் தொடங்கி எலும்புவரை அரிக்கும் ‘மதுரைக் கால்’ நோய்க்குக் காரணமான கிருமிகளில் நோகார்டியாவும் ஒன்று. 1842-இல் மதுரையில் விவரிக்கப்பட்ட அந்நோயை, உலக சுகாதார நிறுவனம் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2016-இல்தான்.

நுரையீரல் நோகார்டியோசிஸ் கண்ணில் படாமல் போவதற்கு ஆய்வக நடைமுறையும் ஒரு காரணம். காசநோய்க்கான சாயப் பரிசோதனையில் 20 முதல் 25 சதவீதக் கந்தக அமிலம் பயன்படுகிறது. அந்த வீரியத்தில் நோகார்டியா பெரும்பாலும் சாயத்தை இழந்துவிடும். 1 சதவீத அமிலத்தில்தான் சிவந்த, கிளைவிட்ட இழைகளாகத் தெரியும். கல்ச்சர் பரிசோதனையில் வழக்கமான பாக்டீரியாக்கள் ஓரிரு நாளில் வளர்ந்துவிடும். நோகார்டியாவுக்கோ பல நாள்கள், சில வேளை இரண்டு மூன்று வாரங்கள்கூடத் தேவை. 48 மணி நேரத்தில் தட்டை அகற்றிவிடும் ஆய்வகத்தில் அது அகப்படாது. ஜீன்எக்ஸ்பர்ட் போன்ற நவீனக் கருவியோ, காசநோயைப் பற்றிக் கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்லும்.

விளைவை அனுபவிப்பவர் நோயாளி. பொருந்தாத மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குகிறார்; குணமாகாதபோது, மருந்துக்கு அடங்காத காசநோயோ என்ற ஐயத்துக்கு ஆளாகிறார். நோகார்டியோசிஸ் பொதுவாக ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. ஆயினும், தொற்றுநோயாளி என்ற ஒதுக்குதலையும் அவர் சுமக்கிறார். இத்தனைக்கும், இந்நோய்க்கான முதன்மை மருந்து கோட்ரைமாக்சசோல் என்ற பழைய, மலிவான சல்பா மருந்து. நோய் முற்றியிருந்தால் அமிகாசின், இமிபெனெம் போன்றவற்றையும் சேர்க்கிறார்கள். சிகிச்சை ஆறு முதல் பன்னிரண்டு மாதங்கள் நீளும். மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் நோயின் பெயர் தெரியாமல் ஒருவர் இறப்பது வேதனையானது.

அபூர்வ நோய் ஒன்றுக்காக எல்லோரையும் பரிசோதிக்க முடியுமா என்று கேட்கலாம். தேவையில்லை. நோயெதிர்ப்பாற்றல் குன்றியவர்கள், காசநோய்ப் பரிசோதனையில் கிருமி தென்படாதவர்கள், மருந்து தொடங்கியும் தேறாதவர்கள் ஆகியோரைக் கவனித்தால் போதும். ‘நோகார்டியா ஐயம்’ என்று மருத்துவர் சீட்டில் எழுதினாலே ஆய்வகம் தட்டைக் கூடுதல் நாள்கள் வைத்திருக்கும். கிருமி உறுதிப்படாமல் காசநோய் மருந்து தொடங்கப்பட்ட ஒவ்வொருவரையும் இரண்டு மாத முடிவில் மறு ஆய்வு செய்வதைக் கட்டாயமாக்க வேண்டும். மாவட்டந்தோறும் நுண்ணுயிரியல் வல்லுநர்களை நியமித்து, கண்டறியப்படும் நோகார்டியோசிஸ் பாதிப்புகளை முறையாகப் பதிவுசெய்யவும் வேண்டும்.

தேடாத நோய் எப்போதும் அபூர்வமாகவே தெரியும். காசநோய் ஒழிப்பின் வெற்றியைக் குறையும் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அளக்கக் கூடாது என்பதே என் கருத்து. காசநோய் இல்லை என்று தெரிந்தவருக்கு, அவருடைய நோய் எது என்பதைச் சொல்லவும் நம் மருத்துவக் கட்டமைப்பு கடமைப்பட்டிருக்கிறது.